தாடை எலும்பு ஒட்டுப் பொருட்கள்

மேல்தாடையிலோ கீழ்த்தாடையிலோ ஏற்பட்ட எலும்புக் குறையை நிரப்பி, அங்கே புது எலும்பு வளர இடம் தரும் பொருட்கள். பல் மருத்துவர்கள் இவற்றைப் 'போன் கிராஃப்ட்' என்பர். நோயாளிகள் பேச்சில் பெரும்பாலும் 'எலும்புப் பொடி'. இரண்டாவது பெயர் முழுவதும் சரியன்று. பொடியாக வருபவை இவற்றுள் ஒரு பகுதியே. இடுப்பிலிருந்து வெட்டியெடுத்த எலும்புத் துண்டும், இரத்தக் குழாயோடு பெயர்த்தெடுத்த கால் எலும்பும் இதே வகையில் சேரும்.

தாடையில் எலும்பு குறைவதற்குக் காரணங்கள் பல. செத்த பல்லின் வேர்நுனியில் தொடங்கி மெல்லப் பெருக்கும் நீர்க்கட்டி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும் ஈறுநோய், பல் பிடுங்கிய குழி நாளடைவில் சுருங்குதல், பிறவியிலேயே வரும் உதடு அண்ணப் பிளவு, சாலை விபத்து, அமிலோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள், வாய்ப்புற்றுநோய்க்காகத் தாடையையே வெட்டியெடுத்தல் ஆகியவை முக்கியமானவை. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசுவதாலேயே எந்தப் பொருள் சிறந்தது என்ற வாதம் பல நூல்களில் முடிவில்லாமல் நீள்கிறது. நெல்லிக்காய் அளவுக் குழிக்கும், காதோரம் முதல் முகவாய் வரை இல்லாமற்போன கீழ்த்தாடைக்கும் ஒரே பொருள் பொருந்தாது.

வகைகளும் வேலை செய்யும் முறையும்

மூலத்தை வைத்து நான்காகப் பிரிப்பது வழக்கம்: நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கும் தன்னெலும்பு, கொடையாளர் உடலிலிருந்து பெற்றுப் பதப்படுத்திய பிறரெலும்பு, பெரும்பாலும் மாட்டிலிருந்து பெறும் விலங்கெலும்பு, ஆய்வகத்தில் செய்யும் செயற்கைப் பொருள். முட்டையோடு, பவளம் ஆகியவற்றிலிருந்து செய்பவற்றை விலங்குப் பொருளில் சேர்ப்பதா செயற்கையில் சேர்ப்பதா என்பதில் நூலாசிரியர்கள் ஒன்றுபடவில்லை.

ஒட்டுப் பொருள் மூன்று வழிகளில் பயன்படலாம். உயிருள்ள எலும்பு அணுக்களைத் தன்னோடு கொண்டுவந்து தானே எலும்பை உண்டாக்குவது ஒன்று. சுற்றியுள்ள சாதாரண அணுக்களை எலும்பு அணுக்களாக மாறத் தூண்டுவது மற்றொன்று. மூன்றாவது, கட்டடத்துக்குக் கொத்தனார் கட்டும் சாரம் போல நின்று, குழியின் ஓரத்திலிருந்து எலும்பு ஏறிவர வழிகொடுப்பது. தன்னெலும்புக்கு மூன்றும் உண்டு. சுண்ணம் நீக்கிய எலும்புக்கு இரண்டாவதும் மூன்றாவதும் உண்டு என்பர், அந்த இரண்டாவதன் அளவைப் பற்றிய கருத்து வேறுபாடு பின்னர் வரும். மாட்டெலும்புத் துகளும் செயற்கைச் சுண்ணப் பாஸ்பேட்டும் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே செய்கின்றன.

தொடக்ககாலம்

ஹோண்டுராஸில் 1931இல் கிடைத்த, கி.பி. 600ஐ ஒட்டியது எனப்படும் மாயர் கீழ்த்தாடை ஒன்றில், முன்பற்கள் இருக்கவேண்டிய இடத்தில் பல் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. இறந்தபின் வைத்த அணி என்றே முதலில் கருதினர். 1970இல் பிரேசில் நாட்டின் அமேதியோ பாபியோ அதைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்து, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பதால் உயிரோடிருந்தபோதே பதித்திருக்க வேண்டும் என்றார். இது பல் பதியமே, எலும்பு ஒட்டு அன்று. எனினும் கடல் தந்த சுண்ணத்தைத் தாடை எலும்பு ஏற்றுக்கொண்டதற்கான மிகப் பழைய சான்று என்ற வகையில் இங்கே குறிக்கத் தக்கது.

எலும்பு ஒட்டின் முதல் குறிப்பாக நூல்கள் வழக்கமாகச் சுட்டுவது 1668இல் வெளிவந்த டச்சு அறுவை மருத்துவர் யோப் வான் மீகரனின் நூல். ரஷ்யப் பிரபு ஒருவரின் மண்டையில் வாள்வெட்டால் விழுந்த ஓட்டையை நாயின் மண்டை எலும்பால் அடைத்தார்களாம். செய்தி கேட்ட திருச்சபை அந்தப் பிரபுவை விலக்கிவைத்தது. மறுபடி சபையில் சேரும் ஆசையில் அதை எடுத்துவிடச் சொன்னபோது, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதால் எடுக்க முடியவில்லை என்பது கதை. மீகரன் இதைத் தாமே பார்க்கவில்லை, கேள்விப்பட்டதை எழுதினார். ஆகவே இதை நிகழ்ச்சி என்பதைவிடச் செவிவழிச் செய்தி என்பதே பொருத்தம்.

உறுதியான பதிவு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கிளாஸ்கோவில் வில்லியம் மக்கீவன், சீழ் பிடித்து மேற்கை எலும்பை இழந்த சிறுவனுக்கு, ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த வேறு பிள்ளைகளின் கால்களை நிமிர்த்தும்போது வெட்டி எறியவிருந்த எலும்புச் சில்லுகளை வைத்துக் கையை மீட்டு, 1881இல் அதை வெளியிட்டார். 1892இல் ட்ரீஸ்மன் என்ற ஜெர்மானியர் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் அடைத்தார். அந்தச் சாந்து இன்றும் தாடை ஒட்டுப் பொருள் பட்டியலிலிருந்து விழவில்லை. ஒட்டிய எலும்பு உயிரோடு இருக்கிறதா, அல்லது செத்து அதன் இடத்தில் புதியது வருகிறதா என்ற வாதம் பிரான்சின் ஒலியேருக்கும் ஜெர்மனியின் பார்த்துக்கும் இடையே நடந்தது. பெரும்பகுதி செத்துச் சிறிது சிறிதாகப் புதிதாகிறது என்பதே பின்னர் நிலைத்த கருத்து.

இந்தியாவின் பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை தாடை முறிவையும் தாடை நழுவலையும் கூறுகிறது. எலும்பு ஒட்டைக் கூறவில்லை.

போர்க்காலங்கள்

தாடை ஒட்டின் வரலாற்றை நகர்த்தியது முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளே. உடல் மண்ணுக்குள் மறைந்திருக்க முகம் மட்டும் மேலே தெரிந்ததால், தாடை சிதறியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் லிண்டமன் இடுப்பு எலும்பைத் தாடைக்குப் பயன்படுத்தினார். இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறந்த குயின்ஸ் மருத்துவமனையில் ஹெரால்டு கில்லீஸும் பல் மருத்துவர் கெல்சி ஃப்ரையும் சேர்ந்து வேலை செய்தனர். அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் வழக்கம் அங்கேதான் ஊன்றியது என்பர். பெனிசிலின் இல்லாத காலம் அது. வாயிலிருந்து கிருமி ஏறினால் ஒட்டிய எலும்பு முழுவதும் அழுகி வெளியேறிவிடும். அதனால் காயம் முற்றும் ஆறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, வாய்ப்பக்கம் திறக்காமல் கழுத்து வழியாகவே எலும்பை வைத்தனர்.

இரண்டாம் போரில் நியூசிலாந்தைச் சேர்ந்த ரெயின்ஸ்ஃபர்டு மோலம், இடுப்பு எலும்பைக் கட்டியாக வைப்பதற்குப் பதில் அதன் உட்புறப் பஞ்செலும்பைச் சிறு சில்லுகளாகச் சுரண்டி நிரப்பலாம் என்று 1944இல் எழுதினார். சில்லுகளுக்கிடையே இரத்தக் குழாய் விரைவில் புகுந்துவிடும், கிருமித் தொற்றையும் அவை ஓரளவு தாங்கும். இன்றைய துகள் பொருட்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சில்லு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலிப் பாய்ன் இந்த முறையை உலோக வலைத்தட்டில் இட்டுத் தாடைக்குப் பொருத்தினார். அண்ணப் பிளவில் பல்வரிசை எலும்பை நிரப்புவது பற்றி 1972இலும், மேல்தாடைக் காற்றறையின் தரையை உயர்த்துவது பற்றி 1980இலும் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரைகள் இன்றும் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன.

1965க்குப் பின்

லாஸ் ஏஞ்சலிஸில் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணம் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் எலும்பு உண்டானதை 1965இல் அறிவித்தார். அதற்குக் காரணமான புரதத்தின் மரபணு 1988இல் பிரித்தறியப்பட்டது. 2007இல் அமெரிக்க மருந்துத் துறை பி.எம்.பி.-2 என்ற அப்புரதத்தைத் தாடைக் குழிக்கும் மேல்தாடைக் காற்றறைக்கும் அனுமதித்தது. விலையும், முகம் வீங்குவதும் அதன் பரவலைக் கட்டுப்படுத்தின.

சுண்ணம் நீக்கி உறைநிலையில் உலர்த்திய பிறரெலும்பு ஈறுநோய் மருத்துவத்தில் பெரிதும் பரவியது. ஆனால் 1990களில் வந்த ஆய்வுகள், புட்டிக்குப் புட்டி அதன் தூண்டும் திறன் மாறுவதாகவும், கொடையாளரின் வயது கூடினால் குறைவதாகவும் கூறின. ஒரே பெயரில் விற்கும் இரண்டு புட்டிகள் ஒன்றல்ல என்றால், அப்பெயரை வைத்துச் செய்த ஒப்பீடுகளையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

செயற்கைப் பொருள் வரலாற்றில் இரண்டு பெயர்கள் நிலைத்தன. ஒன்று, ஃப்ளோரிடாவில் லாரி ஹெஞ்ச் 1969இல் உருவாக்கிய உயிர்க்கண்ணாடி: 45% சிலிக்கா, சுண்ணமும் சோடாவும் தலா 24.5%, பாஸ்பரஸ் ஆக்சைடு 6%. வியட்நாம் போரில் கைகால் இழந்தவர்களைப் பற்றிப் பேருந்தில் உடன் வந்த படை அதிகாரி ஒருவர் பேசியதே தூண்டுதல் என்று ஹெஞ்ச் பிற்காலத்தில் சொன்னார். மற்றொன்று ஹைட்ராக்ஸி அபடைட். எலும்பின் தாதுப் பகுதிக்கு மிக நெருங்கிய சேர்மம் இது. இதில் கால்சியமும் பாஸ்பரஸும் 1.67க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். விகிதம் 1.5 ஆனால் அது டிரைகால்சியம் பாஸ்பேட். உடலில் விரைவில் கரையும். இரண்டையும் கலந்து கரையும் வேகத்தைச் சரிசெய்வது இன்றைய வழக்கம்.

புரதம் நீக்கிய மாட்டெலும்புத் துகளான பயோ-ஆஸை சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனம் 1986இல் கொண்டுவந்தது. பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் அடையாளம் காணப்பட்டதும் அதே ஆண்டுதான். கரிமப் பொருள் முழுவதும் நீக்கப்பட்டதால் ஆபத்து மிகமிகக் குறைவு என்பது பொதுவான முடிவு. துகள் கரைகிறதா என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் துகள் அப்படியே புது எலும்புக்குள் புதைந்திருப்பதைக் காட்டும் திசு ஆய்வுகள் உண்டு. அதைக் குறை என்பாரும் உளர். குழி சுருங்காமல் நிறுத்துவதே அதன் வேலை, ஆகவே நன்மை என்பாரும் உளர்.

பெரிய குறைகளுக்கு 1989இல் டேவிட் ஹிடால்கோ, கால் சிற்றெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து, ஆப்பு ஆப்பாக வெட்டி வளைத்துக் கீழ்த்தாடை செய்து, குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு இணைத்தார். வாய்ப்புற்றுநோய்க்குப் பின் தாடை மீட்பில் இன்று இதுவே முதன்மை.

இந்தியாவில்

நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920இல் கல்கத்தாவில் ஆர். அகமதுவால் தொடங்கப்பட்டது, சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953இல் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் தாடை ஒட்டு என்றால் பெரும்பாலும் இடுப்பெலும்பும் விலாவெலும்புமே.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988இல் ஏற்பட்டது. கொடை எலும்பை உறைநிலையில் உலர்த்திக் காமாக் கதிரால் கிருமி நீக்கிக் கொடுத்த அதன் சிறு புட்டிகள், நாடெங்கும் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளில் இடம்பெற்றன. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தாலும், திசுக்கள் அதன் பெயரில் சேர்ந்தது 2011 திருத்தத்தில்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் எச்.கே. வர்மா, மனோஜ் கோமத் முதலியோர் ஹைட்ராக்ஸி அபடைட் துகள்களையும், ஊசியால் செலுத்தக்கூடிய கால்சியம் பாஸ்பேட் சிமெண்டையும் உருவாக்கினர். சென்னையிலிருந்து நுண்துகள் ஹைட்ராக்ஸி அபடைட்டான சைபோகிராஃபும், சுண்ணம் நீக்கிய மாட்டெலும்பான ஆசியோகிராஃப்டும் சந்தைக்கு வந்தன. மாட்டுப் பொருள் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுவது மருத்துவரின் கடமை. சொன்ன பிறகு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி வேண்டும் என்பதும் செயற்கைப் பொருட்கள் இங்கு நிலைத்ததற்கு ஒரு காரணம்.

பவளமும் முட்டையோடும்

தமிழ்நாட்டின் தனிப் பங்கு என்று சொல்லத்தக்கது சென்னை சர்தார் படேல் சாலையில் நடந்த வேலை. அச்சாலையை ஒட்டியே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமைந்துள்ளன. தோல் நிறுவனத்துக்கு எலும்பில் என்ன வேலை என்று தோன்றலாம். தோலின் முதன்மைப் புரதமும் எலும்பின் முதன்மைப் புரதமும் ஒன்றே, முதல் வகைக் கொலாஜன். செருப்புத் தோலிலிருந்து உயிர்ப்பொருளியலுக்கு அங்கே ஒரு நேர்வழி இருந்தது.

1996இல் எம். சிவகுமார், டி.எஸ். சம்பத்குமார், கே.எல். சாந்தா, கே. பாண்டுரங்க ராவ் ஆகியோர் இந்தியப் பவளத்திலிருந்து ஹைட்ராக்ஸி அபடைட் செய்யும் முறையை 'பயோமெட்டீரியல்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டனர். பவளத்தின் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை. பஞ்செலும்பின் துளைகளும் அப்படியே. அந்த அமைப்பு கெடாமல் கால்சியம் கார்பனேட்டை மட்டும் பாஸ்பேட்டாக மாற்றுவதே பவள முறையின் நோக்கம். அமெரிக்காவில் ராயும் அவர் குழுவும் 1970களில் பசிபிக் பவளத்தில் தொடங்கியதை, இவர்கள் நம் கடற்பவளத்தில் செய்தனர்.

பவளத்துக்கு இக்கரையில் ஏற்கெனவே ஒரு துயர வரலாறு உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல தலைமுறைகள் பவளப்பாறையைப் பெயர்த்தனர். வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு கடலுக்குள் மறைந்ததற்கு இதுவும் காரணம் எனப்படுகிறது. 2001இல் பாறைகட்டும் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு உள்நாட்டுப் பவளம் மருத்துவத்துக்கு மூலப்பொருளாக வாய்ப்பில்லை.

அடுத்த மூலப்பொருள் முட்டையோடு. சட்டம் வந்ததால்தான் ஓட்டுக்குப் போனார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை; நிகழ்ச்சிகளின் வரிசை அப்படி இருக்கிறது. 2007இல் டி. சிவராம கிருஷ்ணா, ஏ. சித்தார்த்தன், எஸ்.கே. சேஷாத்ரி, டி.எஸ். சம்பத்குமார் ஆகியோர் கழிவு முட்டையோட்டிலிருந்து நுண்படிக ஹைட்ராக்ஸி அபடைட் செய்யும் வழியை வெளியிட்டனர்.

செய்முறை நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயை அறிந்தவர்க்குப் புதிதல்ல. ஓட்டில் ஏறத்தாழ 94% கால்சியம் கார்பனேட். கழுவி, உள்சவ்வை உரித்தெடுத்த ஓட்டை உலையில் சுமார் 900 டிகிரி செல்சியசுக்குச் சுட வேண்டும். உள்ளிருக்கும் கரிமப் பொருள் முதலில் கருகும். பிறகு கரியமில வாயு நீங்கி வெள்ளைச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீரில் இட்டால் சூடு கிளம்பி நீறும். நீற்றிய சுண்ணாம்போடு பாஸ்பேட்டைச் சேர்த்து மைக்ரோவேவில் வைத்தால், மற்ற முறைகளில் மணிக்கணக்கில் ஆகும் வினை நிமிடங்களில் முடிகிறது. இதற்குப் பயன்படும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதுதான். கிடைக்கும் படிகங்கள் எலும்பின் படிகங்களைப் போல நுண்ணியவை. ஓட்டிலேயே சிறிது மெக்னீசியம் இருப்பதும் கூடுதல் நன்மை என்பர்.

சித்த மருத்துவத்தில் பவளப் பற்பமும் முட்டையோட்டுப் பற்பமும் நெடுங்கால வழக்கு. இரண்டும் புடமிட்டுச் சுட்டு நீறாக்கி உள்ளுக்குக் கொடுப்பவை. தாடைக் குழிக்குள் வைப்பவை அல்ல. சென்னை ஆய்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பு கற்பிக்க இடமில்லை. ஆயினும் உலகத்துப் பொருளெல்லாம் இருக்க, இந்த இரண்டே அடுத்தடுத்து உலைக்குள் போனதைக் குறிக்காமல் விடத் தொகுப்பாளருக்கு மனம் வரவில்லை.

இப்பொடியை நோயாளிகளிடம் சோதித்தது ஆந்திரத்தின் குண்டூரில். விவேகானந்த கட்டிமணியும் அவர் குழுவும், சென்னையின் சித்தார்த்தன், சம்பத்குமார் ஆகியோரோடு சேர்ந்து, மேல்தாடை நீர்க்கட்டிகளை அகற்றிய குழிகளில் முட்டையோட்டு ஹைட்ராக்ஸி அபடைட்டை வைத்துப் பார்த்து, 2014இல் முதற்கட்ட அறிக்கை தந்தனர். மாதங்கள் செல்லச் செல்ல எடுத்த கதிர்ப்படங்களில் குழியின் விளிம்பு மங்குகிறதா, உள்ளே அடர்த்தி கூடுகிறதா என்று பார்ப்பதே அளவுகோல். பொருள் உடலுக்கு ஒத்துப்போகிறது, மலிவானது, கழிவைப் பயனாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு அக்குழுவினர் மாட்டெலும்பு ஹைட்ராக்ஸி அபடைட்டையும் செயற்கை ஹைட்ராக்ஸி அபடைட்டையும் இதே வகைக் குழிகளில் ஒப்பிட்ட ஆய்வும் வெளிவந்தது. இரண்டும் சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. கதிர்ப்படத்தில் வெள்ளையாகத் தெரிவது புது எலும்பா, வைத்த பொடியா என்று பிரிப்பது எளிதன்று என்ற பொதுவான குறை இவற்றுக்கும் உண்டு.

வைக்கும் முறை எல்லாத் துகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அரை கிராம் அல்லது ஒரு கிராம் புட்டியைச் சிறு கிண்ணத்தில் கவிழ்த்து, நோயாளியின் குழியிலிருந்தே ஊறும் இரத்தத்தையோ உப்புநீரையோ விட்டுக் குழைப்பர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பதம் வந்ததும் சிறு கரண்டியால் அள்ளிக் குழிக்குள் வைத்து மெதுவாக அழுத்துவர். இறுக்கித் திணித்தால் இரத்தக் குழாய் நுழைய இடமிராது; தளர்வாக விட்டால் துகள் எச்சிலோடு வெளியேறும். மேலே கொலாஜன் சவ்வு, அதன்மேல் ஈறு, பிறகு தையல். தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பொடியானாலும் பெரும்பாலும் வீண்.

ஒப்பீடு

பொருட்களை ஒப்பிடும்போது பொருளைவிடக் குழியின் வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. பல்லைச் சுற்றிய குழியில் மூன்று பக்கமும் எலும்புச் சுவர் இருந்தால் ஏறத்தாழ எந்தப் பொடியும் பலன் தரும். ஒரே சுவர் நின்றால் எந்தப் பொடியும் தடுமாறும்.

நீர்க்கட்டிக் குழிக்கு ஒட்டே வேண்டாம் என்ற கருத்தும் வலுவானது. இத்தாலியின் மத்தியோ கியாபாஸ்கோவும் குழுவினரும் 2000இல், கீழ்த்தாடையின் பெரிய நீர்க்கட்டிகளை அகற்றிவிட்டு ஒன்றும் வைக்காமல் விட்டபோதும் எலும்பு தானே வளர்ந்ததைக் காட்டினர். எனவே ஒட்டு வைத்த குழி ஆறியது என்று மட்டும் கூறும் ஆய்வு அதிகம் கூறவில்லை. வைக்காத குழியோடு ஒப்பிட வேண்டும். ஒட்டின் பக்கம் நிற்பவர்கள், எலும்பு விரைவில் தேறுவதையும், இரு பக்கச் சுவரும் உடைந்த குழிகளில் ஈறுத் தசை உள்ளே புகாமல் தடுப்பதையும் காரணமாகச் சொல்வர்.

அண்ணப் பிளவின் பல்வரிசைப் பிளவுக்கு, கோரைப்பல் முளைக்குமுன் வைக்கும் இடுப்புப் பஞ்செலும்பே இன்றும் அளவுகோல். அந்தப் பல் ஒட்டிய எலும்பின் ஊடே இறங்கி முளைக்க வேண்டும். கரையாத செயற்கைத் துகள் அதற்கு வழிவிடாது. இடுப்பில் எடுத்த இடத்து வலியும் சில வாரம் நொண்டுவதும் இதற்குக் கொடுக்கும் விலை.

தாடை தொடர்ச்சி அற்றுப்போனால் பொடிக்கு இடமில்லை. இரத்தக் குழாயில்லாத இடுப்பெலும்பு எவ்வளவு நீளம் வரை தாங்கும் என்பதில் 6 செ.மீ. என்பாரும் 9 செ.மீ. என்பாரும் உண்டு. கதிர்சிகிச்சை பெறவிருக்கும் புற்றுநோயாளிக்கு நீளம் எதுவானாலும் குழாயோடு கூடிய எலும்பே ஏற்றது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

தருமபுரிப் பகுதியில்

சேர்வராயன் மலையடிவாரத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் உள்ளிட்ட தருமபுரி மாவட்டத்தைத் தாடை எலும்பு பற்றிய பேச்சில் தனியே குறிக்கக் காரணம் நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளூரைடு. சென்னை மாகாணத்தில் ஃப்ளூரைடு மிகுதியால் வரும் ஃப்ளூரோசிஸை எலும்பு நோயாக முதலில் விரிவாக எழுதியவர்கள் ஷார்ட்டும் உடன் பணியாற்றியோரும். 1937இல், நெல்லூர்ப் பகுதியைப் பற்றி. தருமபுரியில் மஞ்சள், பழுப்புக் கோடு விழுந்த பற்கள் தலைமுறைகளாகக் காணப்பட்டவை. ஜப்பான் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்பது உண்டு. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

வேதியியல் இங்கே எலும்பு ஒட்டோடு நேராகச் சந்திக்கிறது. குடிநீரில் வரும் ஃப்ளூரைடு, அபடைட் படிகத்தின் ஹைட்ராக்ஸில் இடத்தில் அமர்ந்து அதைக் கரையாத்தன்மை மிக்கதாக மாற்றுகிறது. இயல்பான எலும்பு தொடர்ந்து கரைந்து கட்டப்படுவது. ஃப்ளூரைடு மிகுந்த எலும்போ அடர்ந்தது, ஆனால் நொறுங்கக்கூடியது. கரைந்து இடம் கொடுக்க வேண்டிய ஒட்டு இத்தகைய எலும்பின் அருகே எப்படி நடந்துகொள்ளும் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

மற்றொரு தொடர்பு வெற்றிலை. பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கோடு கூடிய தாம்பூலம் புற்றுநோய் தருவது என உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியது. கன்னத்திலும் ஈற்றிலும் வரும் அப்புற்று தாடைக்கு இறங்கினால், மேலே சொன்ன கால் சிற்றெலும்பு அறுவைதான் வழி. சத்துணவுக் கூடங்களில் நாள்தோறும் உரித்து எறியும் நாமக்கல் முட்டையின் ஓடு, வேதியியல்படி சென்னை உலையில் சுட்ட ஓடேதான். ஆனால் இத்தகைய நோயாளிக்கு அது உதவாது.

அண்மைக்காலம்

பிரான்சின் ஷுக்ரூன் 2001இல் அறிமுகப்படுத்திய பி.ஆர்.எஃப். முறை, நோயாளியின் 10 மி.லி. அளவு இரத்தத்தை எதுவும் சேர்க்காமல் சுழற்றி, கிடைக்கும் நார்க்கட்டியைக் குழியில் வைப்பது. எந்திரம் ஒன்றே செலவு என்பதால் தமிழ்நாட்டின் சிறு ஊர்ப் பல் மருத்துவமனைகளிலும் புகுந்துவிட்டது. இது ஒட்டுப் பொருளா, ஒட்டுக்குத் துணையா என்பது தீரவில்லை. 2021இல் கோவிட்டைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை, மேல்தாடை இழந்தவர்களின் எண்ணிக்கையைத் திடீரெனக் கூட்டியது. அவர்களுக்கு முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியப் பதியங்கள் பயன்பட்டன. துத்தநாகம், ஸ்ட்ரான்சியம், சிலிக்கான் சேர்த்த அபடைட்டுகளும் ஆய்வில் உள்ளன.

புதுக்கோட்டையில் 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்தில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியவர்களுக்கு மஞ்சவாடிக் கணவாய் வழியே சேலம் பக்கம்.